பழைய கணினியில் பிரவுசர் எழுத்து உடைகிறதா? கையில் வந்த கேஸ்களும் தீர்வுகளும்

திரி தொடக்கம் (கீழே ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது அதை எழுதியவரின் புனைப்பெயர்)

எக்ஸ்பி, விண்டோஸ் 7, பழைய லினக்ஸ் ஓடும் பெட்டிகளில் பிரவுசரில் எழுத்து சரியாக வராத கேஸ்களை இங்கே சேர்ப்போம். ஓஎஸ் எது, பிரவுசர் பதிப்பு என்ன, திரையில் என்ன தெரிந்தது, எதைச் செய்ததும் சரியானது: இவ்வளவும் எழுதினால் போதும். "ஃபாண்ட் பிரச்சினை, பிரவுசரை ரீஇன்ஸ்டால் செய்தும் சரியாகவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். ரீஇன்ஸ்டால் செய்து தீருகிற கேஸ் மிகக் குறைவு.

முதலில் ஒரு சோதனை வரி: ஸ்ரீ, கொடி, பௌர்ணமி, பக்ஷி. இதை பிரவுசரிலும் நோட்பேடிலும் ஒட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளிவட்டம் வருகிறது, 'க்ஷ' பிரிந்து க், ஷ என்று தனித்தனியாக நிற்கிறது என்றால் எழுத்தைச் சேர்த்துப் போடும் வேலை நடக்கவில்லை. வெறும் கட்டங்கள் வந்தால் அந்த எழுத்து உள்ள ஃபாண்டே இல்லை. ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்து வந்தால் அது பழைய என்கோடிங். எழுத்து சரி, ஆனால் மங்கல், பிசிறு, வண்ண விளிம்பு என்றால் கோளாறு ஸ்மூத்திங்கில் (எழுத்தின் ஓரத்தை மழுப்பிக் காட்டுவது), டிரைவரில் அல்லது மானிட்டரில். நாலுக்கும் வைத்தியம் வேறு.

நோட்பேடில் சரி, பிரவுசரில் மட்டும் தப்பு என்றால் பிரவுசரைப் பாருங்கள். இரண்டிலும் தப்பு என்றால் ஓஎஸ் பக்கம் போங்கள்.

சர்வீஸ் பெஞ்ச்

எக்ஸ்பியில் தமிழ் உடைந்தால் பத்துக்கு ஒன்பது கேஸ் இதுதான். கண்ட்ரோல் பேனல், ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் டேப். கீழே இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும். மேலே இருப்பதுதான் நமக்கு: காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் மற்றும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கான கோப்புகள். (இரண்டாவது கிழக்காசிய மொழிகளுக்கு. அது நமக்கு வேண்டாம், 200 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும்.) டிக் போட்டு அப்ளை கொடுத்தால் எக்ஸ்பி சிடி கேட்கும். சிடி இல்லையென்றால் ஹார்ட் டிஸ்கில் ஐ386 என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். பிராண்ட் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சி டிரைவிலேயே இருக்கும். நடுவில் "சர்வீஸ் பேக் 3 சிடி போடு" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சர்வீஸ்பேக்ஃபைல்ஸ் இருக்கும், அதற்குள் உள்ள ஐ386-ஐக் காட்டினால் போதும். ரீஸ்டார்ட் கட்டாயம்.

இந்த டிக் இல்லாமல் விண்டோஸின் தமிழ் ஃபாண்டான லதாவும் வராது, எழுத்தைச் சேர்த்துப் போடும் விண்டோஸின் எஞ்சினான யூனிஸ்கிரைப் தமிழைச் சேர்த்தும் போடாது. வெளியிலிருந்து ஒரு யூனிகோடு ஃபாண்டை மட்டும் காப்பி செய்து போட்டவர்கள்தான் "ஃபாண்ட் இருக்கிறது, ஆனாலும் உடைகிறது" என்று வருகிறார்கள்.

இன்னொரு குழப்பம்: எக்ஸ்பிக்குக் கடைசியாக வந்த ஃபயர்ஃபாக்ஸ் 52 இஎஸ்ஆர், குரோம் 49 இரண்டும் யூனிஸ்கிரைப்பை நம்புவதில்லை. அதே வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற எஞ்சினைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அதனால் டிக் போடாத எக்ஸ்பியிலும் ஒரு நல்ல தமிழ் ஃபாண்ட் இருந்தால் பக்கம் சரியாகத் தெரியும். அதே பெட்டியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், நோட்பேட், டவுன்லோட் செய்த கோப்பின் பெயர் எல்லாம் உடைந்து நிற்கும். பிரவுசரில் சரியாக வந்துவிட்டது என்று டிக் போடாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு நாளில் ஃபைல் பெயர் தெரியவில்லை என்று பெட்டி திரும்பி வரும்.

கட்டம் படிப்பவர்

கட்டங்கள் வருகிற கேஸில் ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி உதவுகிற பிரவுசர் வேறில்லை. ஃபாண்ட் கிடைக்காத எழுத்துக்கு வெறும் கட்டம் போடாமல், அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுத்தின் யூனிகோடு எண்ணைப் பொடி எழுத்தில் இரண்டு வரிசையாக எழுதும். கன்ட்ரோல் பிளஸ் அடித்து 200, 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் படிக்கலாம்.

மேல்வரிசையில் "0பி" (திரையில் 0B), கீழ்வரிசை 80-க்கு மேல் என்றால் தமிழ் எழுத்து. தமிழ் ஃபாண்டே இல்லை, போடுங்கள். பக்கம் முழுக்க சரி, ஒரே ஒரு எழுத்து மட்டும் "0பி", "பி6" என்றால் அது ஶ. யூனிகோடு 4.1-இல், 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஃபாண்டுகளில் இருக்காது. "ஸ்ரீ" சரியாக வந்து "ஶ்ரீ" மட்டும் கட்டமாக வருவது இதனால்தான்: முன்னதை ஸ-வில் அடித்திருப்பார்கள், பின்னதை ஶ-வில். ஃபாண்டைப் புதுப்பித்தால் தீரும்.

"20", "பி9" என்றால் ரூபாய்க் குறி. விலைப்பட்டியல் முழுக்க எண்ணுக்கு முன்னால் கட்டம் என்று வருகிற கேஸ் இது. குறி அறிவிக்கப்பட்டதே 2010-இல். விண்டோஸ் 7-க்கு கேபி 2496898 என்ற அப்டேட் இருக்கிறது. எக்ஸ்பிக்கு அது இல்லை, குறி உள்ள ஒரு ஃபாண்டைத் தனியாகப் போட வேண்டும்.

மேல்வரிசை "எஃப்0", "இ9" என்ற மாதிரி "இ0" முதல் "எஃப்8" வரைக்குள் இருந்தால் அது எந்த மொழியும் இல்லை. பட்டன்களில் வரும் ஐகான்களுக்காக அந்தத் தளம் தன் சொந்த ஃபாண்டில் வைத்துக்கொண்ட இடம். இதற்கு உலகத்தில் உள்ள எந்த ஃபாண்டைக் கொண்டுவந்து போட்டாலும் பயன் இல்லை, தளத்தின் வெப் ஃபாண்ட் இறங்க வேண்டும். ஃபாண்ட்ஸ் அட்வான்ஸ்ட் பகுதியில் "பக்கங்கள் தங்கள் ஃபாண்டைத் தேர்ந்தெடுக்கட்டும்" என்ற டிக் இருக்கிறதா பாருங்கள். விளம்பரத் தடுப்பானில் ரிமோட் ஃபாண்ட்களைத் தடுக்கும் வசதி ஆனில் இருக்கிறதா பாருங்கள்.

கட்டத்தில் நான்குக்குப் பதிலாக ஆறு இலக்கம், மேலே "01எஃப்" என்றால் இமோஜி. ஃபயர்ஃபாக்ஸ் 50 முதல் இமோஜி ஃபாண்டைக் கூடவே கொண்டுவருகிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் ஏற்றுங்கள். விண்டோஸ் 7-இல் மற்ற பிரவுசர்களுக்கு கேபி 2729094 போட்டால் கறுப்பு வெள்ளை இமோஜியாவது வரும்.

டிடிபி கடை

எங்கள் பக்கம் வருவது வேறு ரகம். ஆங்கிலப் பக்கம் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகத் தெரிகிறது என்பார்கள். பிரவுசர் செட்டிங்கில் யாரோ இயல்பு ஃபாண்டாக பாமினியை வைத்திருப்பார்கள். பாமினி, டாம் மாதிரி பழைய தமிழ் ஃபாண்டுகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் "தமிழ்" என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கிறது. அதனால் ஆங்கில வரிக்கு பாமினியைக் கொடுத்தால் தமிழ்க் குப்பை, பாமினி வரிக்கு வேறு ஃபாண்டைக் கொடுத்தால் ஆங்கிலக் குப்பை. பிரவுசரின் ஃபாண்ட் பகுதிக்குப் போய் இவற்றை எடுத்துவிட்டு, ஆங்கிலத்துக்கு ஏரியல், தமிழுக்கு யூனிகோடு ஃபாண்ட் என்று வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அட்வான்ஸ்ட் பட்டனுக்குள் மொழி வாரியாகப் பிரித்துக் கொடுக்கலாம். மேலே உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கீழே மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டு லத்தீனுக்கு மாற்றி வைப்பவர்கள் நிறைய.

2000-ஐ ஒட்டி திஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங்கில் வந்த தளங்களைப் படிக்க ஃபாண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். உரையைக் காப்பி செய்து என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றிப் படிப்பது சுலபம்.

இன்னொன்று. டிடிபி பெட்டிகளில் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் கொட்டி வைத்திருப்பார்கள். பிரவுசர் திறக்கவே நேரம் எடுக்கும், நடுவில் ஒரு கெட்டுப்போன ஃபாண்ட் இருந்தால் அதே பெயரைக் கேட்கும் பக்கங்கள் மட்டும் சிதறும். ஹெல்வெடிகா என்ற பெயரில் பழைய டைப் 1 ஃபாண்டோ அரைகுறைக் கோப்போ இருந்தால், மற்ற தளமெல்லாம் சரியாக இருக்க நாலைந்து தளம் மட்டும் கோணலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். வேலைக்கு வேண்டியதை மட்டும் வைத்து மற்றவற்றை வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள்.

மானிட்டர் பைத்தியம்

மங்கல் கேஸில் ஃபாண்டைத் தொடும் முன் பிரிண்ட் ஸ்கிரீன் அடித்து பெயின்டில் ஒட்டி 8 மடங்கு பெரிதாக்குங்கள். எழுத்தின் ஓரத்தில் சிவப்பு, நீலச் சாயல் தெரிந்தால் கிளியர்டைப் (எல்சிடிக்கான விண்டோஸின் ஸ்மூத்திங்) ஓடுகிறது. சாம்பல் மட்டும் என்றால் சாதாரண ஸ்மூத்திங். சுத்தக் கறுப்புப் படிக்கட்டு என்றால் எதுவும் ஓடவில்லை. அந்தப் படத்தை வேறு கணினியில் திறந்தால் தெளிவாக இருக்கிறதா? அப்படியானால் பிரவுசர் மேல் தப்பே இல்லை. விஜிஏ கேபிள், மானிட்டரின் ஆட்டோ அட்ஜஸ்ட், ரெசல்யூஷன் மூன்றையும் பாருங்கள். 17 இன்ச் சதுர எல்சிடிக்கு 1280 பெருக்கல் 1024 தான் சொந்த அளவு. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று 1024 பெருக்கல் 768 வைத்தால் எந்த ஃபாண்டும் மங்கும். ரெசல்யூஷனைச் சொந்த அளவில் வைத்து பிரவுசரில் ஜூம் செய்யுங்கள்.

எக்ஸ்பியில் கிளியர்டைப் இயல்பில் ஆஃப். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அப்பியரன்ஸ், எஃபெக்ட்ஸ். அங்கே ஸ்மூத் என்ற வரியில் ஸ்டாண்டர்டை கிளியர்டைப் ஆக்குங்கள். பழைய குண்டு டியூப் மானிட்டர் என்றால் ஸ்டாண்டர்டிலேயே விடுங்கள். கிளியர்டைப் எல்சிடியின் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைக் கணக்கில் வைத்து வேலை செய்வது, டியூபில் அது நிறக் கறையாகத்தான் விழும்.

கிளியர்டைப் போட்டும் பெரிய தலைப்புகளில் பிசிறு போகவில்லை என்று கேட்பார்கள். எக்ஸ்பி திரையில் எழுத்தை வரையும் ஜிடிஐ முறை கிடைமட்டத்தில் மட்டும்தான் மழுப்பும், மேல் கீழாக மழுப்பாது. அதற்குப் பின் வந்த டைரக்ட்ரைட் முறை இரண்டு பக்கமும் செய்யும், ஆனால் அது எக்ஸ்பியில் இல்லை. ட, ப மாதிரி நேர்கோட்டு எழுத்தில் இது தெரியாது. ஞ, ணை, ழு போன்ற சுழிகளில் பல்லிளிக்கும். அதற்கு எக்ஸ்பியில் மருந்து இல்லை, விட்டுவிடுங்கள்.

சர்வீஸ் பெஞ்ச்

மானிட்டர் அண்ணன் சொன்னதோடு விண்டோஸ் 7 கேஸ்கள். ஸ்க்ரோல் செய்தால் எழுத்து மறைவது, பாதி வரி காணாமல் போவது, மவுஸ் கொண்டுபோனால் திரும்ப வருவது: இது ஃபாண்ட் இல்லை, பழைய கிராஃபிக்ஸ் டிரைவர். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், பெர்ஃபார்மன்ஸ் போய் பரிந்துரைத்த செட்டிங் டிக்கை எடுத்தால் கீழே ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் தெரியும், அதையும் எடுத்து மூடித் திறங்கள். குரோமில் சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. சரியாகிவிட்டால் டிரைவரைத் தேடுங்கள், கிடைக்கவில்லையென்றால் அப்படியே விடலாம். வீடியோ பார்க்கும்போது பிராசஸர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், அவ்வளவுதான்.

எல்லா நிரலிலும் ஒரே ஃபாண்ட் மட்டும் தாறுமாறாக வந்தால் ஃபாண்ட் கேச் கெட்டிருக்கும். சர்வீசஸில் விண்டோஸ் ஃபாண்ட் கேச் சர்வீஸை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டரில் சர்வீஸ்ப்ரொஃபைல்ஸ், லோக்கல்சர்வீஸ், ஆப்டேட்டா, லோக்கல் வரைக்கும் போய் ஃபாண்ட்கேச் என்ற பெயருள்ள டாட் (.dat) கோப்புகளை மட்டும் அழியுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் தானாகப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். சர்வீஸை நிறுத்தாமல் அழிக்கப் போனால் "பயன்பாட்டில் உள்ளது" என்று விடாது.

ஐகான் கட்டம் பற்றி ஒரு சேர்க்கை. டிக் எல்லாம் சரியாக இருந்தும் வெப் ஃபாண்ட் இறங்கவில்லையென்றால் டாஸ்க்பாரில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி செத்தால் தேதி பின்னோக்கிப் போய், தளத்தின் சான்றிதழ் செல்லாது என்றாகிவிடும். பயனர் எச்சரிக்கையைத் தாண்டி "தொடர்" அழுத்தி உள்ளே போய்விடுவார். ஆனால் ஃபாண்ட் வேறு சர்வரிலிருந்து வருவது. அதற்குக் கேள்வி கேட்காமலே பிரவுசர் மறுத்துவிடும். சிஆர் 2032 பேட்டரி மாற்றி தேதி வைத்ததும் சரியாகும். தேதி சரியாக இருந்தும் குரோம் 49-இல் வராமல் ஃபயர்ஃபாக்ஸ் 52-இல் வந்தால், குரோம் விண்டோஸின் பழைய சான்றிதழ்ப் பட்டியலை நம்புகிறது, ஃபயர்ஃபாக்ஸ் தன்னுடையதைக் கையோடு வைத்திருக்கிறது. 2021 செப்டம்பர் 30-இல் லெட்ஸ் என்கிரிப்டின் பழைய மூலச் சான்றிதழ் காலாவதியான பிறகு இந்த வித்தியாசம் அடிக்கடி தெரிகிறது.

லினக்ஸ் பக்கம்

ஆட்டம் பிராசஸர் நெட்புக்கில் டெபியன் வகை போடுபவர்கள் நோட்டோ ஃபாண்டுகளின் முழுத் தொகுப்பை இறக்கி டிஸ்கை நிரப்ப வேண்டாம். லோகித் தமிழ் ஃபாண்ட் ஒன்று போதும். போட்ட பிறகு டெர்மினலில் எஃப்சி-கேச் கட்டளை கொடுத்து பிரவுசரை முழுசாக மூடித் திறங்கள். எஃப்சி-மேட்ச் கட்டளையில் சான்ஸ், மொழி டிஏ (sans:lang=ta) என்று கேட்டால் தமிழுக்கு எந்த ஃபாண்டை எடுக்கிறது என்று சொல்லும். அங்கே ஃப்ரீசெரிஃப் வந்தால் அதுதான் உங்கள் எழுத்து ஒல்லியாகவும் பொடியாகவும் தெரியக் காரணம். ஃபாண்ட்கான்ஃபிக் கோப்பில் லோகித்தை முன்னால் வையுங்கள். ஹின்டிங்கை (எழுத்தைத் திரைப் புள்ளிகளுக்குப் பொருத்துவது) ஸ்லைட் ஆக்குங்கள், ஃபுல் வேண்டாம். ஃபுல் வைத்தால் சின்ன அளவில் ண, ன வித்தியாசம் தெரியாத அளவுக்குச் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

டிடிபி கடை

ண, ன அடைப்பதற்கு எந்த ஓஎஸ்ஸிலும் இன்னொரு வழி: ஃபயர்ஃபாக்ஸில் தமிழுக்கு மட்டும் குறைந்தபட்ச அளவை 14 ஆக்குங்கள்.

கட்டம் படிப்பவர்

14 சரி, 16-க்கு மேல் போகாதீர்கள். பட்டனுக்குள் எழுத்து அடங்காமல் 'கி'யின் விசிறியும் 'கூ'வின் காலும் வெட்டுப்படும். அப்படி வெட்டுப்படுவது ஒரே ஒரு தளத்தில் மட்டும் என்றால் அந்தத் தளத்தின் வரி உயரம் ஆங்கிலத்துக்குக் கணக்குப் போட்டு வைத்தது. தளத்தின் தோற்றத்தை மாற்றும் ஸ்டைலஸ் என்ற பிரவுசர் நீட்சியில் அந்தத் தளத்துக்கு மட்டும் வரி உயரத்தை 1.5 என்று கொடுத்தால் தலையும் காலும் முழுசாக வரும்.