பார்வையற்றவர் சிடி ரிப் செய்ய எந்த மென்பொருள் நல்லது?

மாட்டுங்கா ரசிகர்:

வணக்கம். எனக்குப் பார்வை கிடையாது. விண்டோஸ் 10 லேப்டாப்பும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏவும் வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறைய கர்நாடக இசை சிடி. கொஞ்சம் இங்கே மும்பையில் கிரி கடையில் வாங்கியது, கொஞ்சம் காலா கோடா ரிதம் ஹவுஸில் (அதையும்தான் 2016-ல் மூடிவிட்டார்களே), பாக்கியெல்லாம் மார்கழியில் சென்னை போகும்போது சபா வாசலில் வாங்கியது. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் பிரெய்ல் பட்டை ஒட்டியிருக்கிறேன், எது எங்கே என்று விரலுக்குத் தெரியும். தகராறு பிளேயரில். ரிப்பேருக்குக் கொண்டு போனால், "இதுக்கு லென்ஸ் இனிமே வராது, தூக்கிப் போடுங்க" என்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ரிப் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

எம்பி3 வேண்டாம். ராகம் தானம் பல்லவியை சிடி போடுகிறவர்கள் மூன்று டிராக்காக வெட்டியிருப்பார்கள். மேடையில் தம்பூரா நிற்பதேயில்லை, ஆனால் எம்பி3-யில் கேட்டால் ராகம் முடிந்து தானம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சின்ன 'டக்'. அந்த ஒரு நொடியில் சுருதியே அறுந்துவிடுகிறது.

பேரன் ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்தான். பார்க்க அழகாக இருக்கிறதாம். டேப் தட்டினால் என்விடிஏ "பட்டன், பட்டன், பட்டன்" என்று ஜபம் பண்ணுகிறது, எந்தப் பட்டன் என்று சொல்வதில்லை. பச்சை வந்தால் சரியாக எடுத்திருக்கிறது, சிவப்பு வந்தால் இல்லை என்றான். எனக்குப் பச்சை என்ன, சிவப்பு என்ன!

எந்த மென்பொருள் போடலாம்? இன்னொன்று, ரிப் ஆகும்போது என்விடிஏ பேசுவது பாட்டில் கலந்துவிடுமா?

சயான் சுப்பு:

எதற்கு சார் இவ்வளவு யோசனை? விண்டோஸிலேயே மீடியா பிளேயர் இருக்கிறது. ரிப் செட்டிங்கில் ஃப்ளாக் (ஒலி குறையாமல் சுருக்குகிற வடிவம்) என்று மாற்றிவிடுங்கள், முடிந்தது.

டோம்பிவிலி லோக்கல்:

நானும் உங்கள் கட்சிதான் சார். முன்பு ஜாஸ் என்கிற திரை வாசிப்பான், இப்போது என்விடிஏ.

குரல் கலக்காது, பயப்படாதீர்கள். பாட்டை ஓடவிட்டுப் பதிவு செய்தால்தான் அந்தக் கவலை. ரிப் என்பது தட்டில் இருக்கிற எண்களை அப்படியே எடுத்து வைப்பது. வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சானல். இதெல்லாம் சவுண்ட் கார்டு பக்கமே போகாது. ஒரு பக்கம் ரிப் ஓடட்டும், நீங்கள் இன்னொரு பக்கம் கிரிக்கெட் வர்ணனை கேட்கலாம்.

சுப்பு சார் சொன்னதும் சரிதான், மீடியா பிளேயர் ஃப்ளாக் எடுக்கும். ஆனால் கீறல் விழுந்த சிடியில் எந்த இடத்தில் தடுமாறியது என்று அது எழுதிக் கொடுக்காது. மென்பொருளை நான் எடைபோடுவதே இதை வைத்துத்தான். பட்டன் எல்லாம் பேசினால் மட்டும் போதாது. வேலை ஒழுங்காக முடிந்ததா என்பதையும் எழுத்தில் தர வேண்டும், அம்புக்குறி தட்டித் தட்டி நாமே படித்துப் பார்க்கிற மாதிரி.

அந்த வகையில் முதலில் ஃபூபார்2000 போடுங்கள். இலவசம். சாதாரண விண்டோஸ் மெனுவும் பட்டியலும்தான், என்விடிஏவுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஃபைல் மெனுவில் 'ஓப்பன் ஆடியோ சிடி', டிரைவைத் தேர்ந்து 'ரிப்'. ஃப்ளாக் வேண்டுமென்றால் அவர்கள் தளத்திலேயே இருக்கிற 'ஃப்ரீ என்கோடர் பேக்'கையும் இறக்கிப் போட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு ஃப்ளாக் வேலை செய்யவில்லை என்று புலம்புவார்கள்.

ரிப் முடிந்ததும் ஃபூபார் ஓர் அறிக்கை காட்டும். அதில் அக்யுரேட்ரிப் என்று வரும். இதே சிடியை உலகத்தில் வேறு யாராவது ரிப் செய்திருந்தால், அவர்களுக்கு வந்த சரிபார்ப்பு எண்ணும் உங்களுடையதும் ஒன்றா என்று பார்க்கிற ஏற்பாடு. ஒத்துப்போனால் அந்த சிடியை மறந்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

நம் பாடு எங்கே என்றால், சபா வாசல் சிடிகள் பல அந்தத் தரவுத்தளத்தில் இருக்காது. "டிஸ்க் இல்லை" என்று வந்தால் ரிப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஒப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த மாதிரி சிடிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்று இன்னொரு மென்பொருள். அதையும் இலவசமாகவே தருகிறார்கள். டிராக்குகளைத் தேர்ந்து ஷிஃப்ட்+எஃப்6 தட்டினால் 'டெஸ்ட் அண்ட் காப்பி'. ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு தடவை படித்து, இரண்டு தடவையும் ஒரே சிஆர்சி எண் (சரிபார்ப்பு எண்) வருகிறதா என்று பார்க்கும். கடைசியில் ஒரு லாக். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திறக்கலாம். 'நோ எரர்ஸ் அக்கர்டு' என்று இருந்தால் நிம்மதி. 'சஸ்பீஷியஸ் பொசிஷன்' என்று இருந்தால் பக்கத்திலேயே நிமிடம், வினாடி போட்டிருக்கும். நேரே அந்த இடத்துக்குப் போய்க் காதைத் தீட்டிக் கேளுங்கள். பல சமயம் கேட்கிற அளவுக்கு ஒன்றும் இருக்காது. மிருதங்கச் சொல்லுக்கு நடுவே 'சட்' என்று ஒன்று விழுந்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

முதல் தடவை அமைப்பது மட்டும் கொஞ்சம் ரோதனை. எஃப்10 தட்டினால் டிரைவ் அமைப்புகள். படித்ததைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிற செக்யூர் மோடில் வையுங்கள். டிரைவ் ஆடியோ டேட்டாவைக் கேஷ் செய்கிறதா என்று ஒரு செக்பாக்ஸ் வரும், அதை அலட்சியம் செய்யாதீர்கள். டிரைவ் கேஷ் செய்வது தெரியாமல் இருந்தால், மறுபடி படிக்கச் சொல்லும்போது தட்டைத் தொடாமலே நினைவகத்திலிருந்து பழைய பதிலையே ஒப்பிக்கும். அப்புறம் செக்யூர் மோடுக்கு அர்த்தமே இல்லை.

மாட்டுங்கா ரசிகர்:

ரொம்ப நன்றி மேடம். ஃபூபார் போட்டாகிவிட்டது, மெனு எல்லாம் வாய் திறந்து பேசுகிறது. 'டக்'கும் இல்லை, ராகமும் தானமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆனால் பெயர்கள்தான் கண்ணராவி. ஒரு சிடிக்கு 'டிராக் 01, டிராக் 02' என்று வெறும் எண். இன்னொன்றில் தோடி ராகத்துக்கு ஆங்கிலத்தில் வெறும் டி (T) போட்டிருக்கிறான், அடுத்ததில் டி-ஹெச் (Th). தேடினால் பாதி அகப்படுவதில்லை.

டோம்பிவிலி லோக்கல்:

ஆமாம் சார், பாட்டுப் பெயர்களை இணையத்திலிருந்து எடுத்துப் போடுகிற வசதி நம் சங்கீதத்துக்குச் சுமார்தான். பாடலைத் தேர்ந்து ஆல்ட்+என்டர் தட்டுங்கள், ப்ராப்பர்ட்டீஸ் திறக்கும். அங்கே நீங்களாக 'ராகம்', 'தாளம்' என்று புதுத் தலைப்பு சேர்க்கலாம். ஸ்பெல்லிங் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை மாறாதீர்கள். வாக்கேயக்காரரை 'கம்போசர்' தலைப்பில் போடுங்கள், 'ஆர்ட்டிஸ்ட்' பாடகருக்கு. சிடி பெட்டிக்குள்ளே இருக்கிற காகிதத்தைப் படிக்க சீயிங் ஏஐ என்கிற செயலியைப் பயன்படுத்துகிறேன். பொடி எழுத்தில் அது உளறினால் பீ மை ஐஸ் செயலியில் பார்வையுள்ள தன்னார்வலர் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வேன்.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுருக்காமல் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதியோ கொஞ்சம் கூடவோ வரும். 0 முதல் 8 வரை சுருக்க நிலை கேட்கும், அதில் எது வைத்தாலும் ஒலி ஒன்றேதான். ஃபைல் அளவும் எடுக்கிற நேரமும்தான் மாறும்.

செம்பூர்க்காரன்:

மென்பொருளை எல்லோரும் பேசிவிட்டீர்கள், டிரைவையும் கவனியுங்கள் சார். லாமிங்டன் ரோட்டில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. வாங்குமுன் கீறல் விழுந்த சிடி ஒன்றைக் கையோடு கொண்டு போய் அங்கேயே போட்டுப் பாருங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்க வேண்டாம், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. லேபிள் பக்கம் தடவிப் பார்த்தால் ஆழமான கீறல் விரலுக்குப் படும். டேட்டா அடுக்கு அந்தப் பக்கத்து மேல்பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால் அங்கே கீறினால் திரும்ப வராது. அப்படிப்பட்டதை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை லாமிங்டன் ரோட்டில் பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமை போங்கள்.