ஒன்பதாம் நம்பர் பூத்தாச்சு

குழு: பெரிய வீடு

செல்வம் மாமா, 7:12
[படம்]
விதை போட்டு வளர்த்த ஹாப்ஸ் கொடிகளில் ஒன்பதாம் நம்பர் பூத்துவிட்டது. ஆண்.

தருண், 7:15
ஐயோ! மழையில் மற்றதெல்லாம் பூஞ்சை பிடித்தபோது இலையில் ஒரு புள்ளி கூட விழாமல் நின்றது அதுதானே?

மாமா, 7:16
அதேதான். இரண்டு வருடம் பெண் என்று நம்பி வளர்த்தேன்.

தேவி அத்தை, 7:20
ஹாப்ஸில் ஆண், பெண் தனித்தனிச் செடியா?

மாமா, 7:24
ஆமாம் அக்கா. பெண் கொடியில்தான் நல்ல கூம்பு வரும். பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் மஞ்சள் நிறத் தூள் அதற்குள்தான் இருக்கும். முளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூக்க வேண்டும்.

அத்தை, 7:26
இவ்வளவு பாடு எதற்கு? நல்ல கொடியில் ஒரு வேர்த்தண்டை வெட்டி நட்டால் போயிற்று.

மாமா, 7:29
நட்டால் அதே கொடிதான் வரும். புது ரகம் விதையில்தான் பிறக்கும். ஒரே கூம்பில் எடுத்த இரண்டு விதை கூட ஒரே மாதிரி வராது. கேஸ்கேட் ரகம் 1956-ல் எடுத்த விதையில் வந்தது, அமெரிக்காவில் அதை வெளியிட்டது 1972-ல். எனக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது 😄

தருண், 7:31
அப்போ ஒன்பதைப் பிடுங்கிவிடுவீர்களா?

மாமா, 7:33
மனசு வரவில்லை. அந்தத் தெம்பு பிள்ளைகளுக்கும் வரலாம். நாலாம் நம்பரோடு சேர்க்கப்போகிறேன்.

தருண், 7:34
அந்தப் பூண்டு நாற்றமா?! போன வருடம் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு மூன்று தடவை சோப்பு போட்டேன்.

மாமா, 7:37
நாற்றத்தை விடு, மஞ்சள் நிறத் தூள் எவ்வளவு ஒட்டியது பார்த்தாயா? இங்கிலாந்தில் சால்மன் என்பவர் கனடாவின் மனிடோபாவிலிருந்து வந்த காட்டுக் கொடியைத் தாயாக வைத்துத்தான் பிரூவர்ஸ் கோல்ட் ரகத்தை எடுத்தார். 1934-ல் வெளிவந்தது.

தருண், 7:38
நாலும் ஒன்பதும் அண்ணன் தங்கச்சி இல்லையா மாமா 🙈

மாமா, 7:40
நல்ல கேள்வி. இல்லை, அப்பா அம்மா இரண்டும் வேறு. உடன்பிறப்பைச் சேர்த்தால் பிள்ளைகள் நோஞ்சானாகப் போகும்.

நாலில் மெல்லிய முடி போலப் பூ எட்டிப் பார்க்கிறது. இன்றே இரண்டு கிளைக்குக் காகிதப் பை கட்டிவிடுவேன். மகரந்தம் காற்றில் பறக்கும், விட்டால் எல்லாக் கூம்பிலும் விதைதான். ஒன்பதின் பூங்கொத்தைத் தாளில் தட்டி எடுத்துக்கொண்டு, செடியை வெட்டித் தொட்டிக்கு மாற்றி எங்காவது தூரமாக வைக்க வேண்டும்.

அத்தை, 7:43
தட்டி எடுத்த மகரந்தத்தை எங்கே வைப்பாய்?

மாமா, 7:44
நாலு தயாராக இன்னும் சில நாள் ஆகும். அதுவரை காய்ந்த டப்பாவில், ஃப்ரிட்ஜில்...

அத்தை, 7:44
மறுபடியுமா! போன தடவை ஆறு வாரம் ஈரத்தாளில் விதை. பாட்டி குப்பை என்று எடுத்துப் போடப் பார்த்தார்கள்.

பாட்டி, 7:52
டப்பா மேல் பெரிதாக எழுதி வை செல்வம். எனக்குக் கண் தெரியாது.