ரெஜிஸ்டரில் 'சரி', மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர்

கீழே கடைகள், மேலே அலுவலகங்கள் என்று ஒரு மூன்று மாடிக் கட்டடம் என் பொறுப்பில் இருக்கிறது. போன மழையில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரவு முழுக்க மழை. காலையில் லிஃப்ட் ஓடவில்லை. மெக்கானிக் மோட்டார் அறைக்குப் போனபோதுதான் மொட்டை மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பது தெரிந்தது. கதவடியில் புகுந்து லிஃப்ட் குழிவரை இறங்கியிருந்தது. மழைநீர்க் குழாய் இரண்டில் ஒன்று மண்ணடைத்து எவ்வளவு காலமோ. மற்றதைக் கையால் துழாவினேன். ஒரு தெர்மோகோல் துண்டு, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி வாயில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஏசி மாட்ட வந்தவர்கள் விட்டுப் போனது. எடுத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

மாதாமாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறோமே என்று ரெஜிஸ்டரை எடுத்தேன். ஆறு மாதத்துக்கும் 'மாடி வடிகால் - சரி'. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே நாளில் உட்கார்ந்து நிரப்பியது. வாட்ச்மேனைத் திட்டக் கிளம்பியவன் பாதியில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து.

அப்புறம் கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. எங்கள் மாடி 150 சதுர மீட்டர். ராத்திரி அந்தத் தளம் 15 டன்னைச் சுமந்திருக்கிறது. நான் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

மறுமொழி

எங்களுக்கு இது நடந்தது மின்சார பேனல் போர்டில். மீன் வாடை அடிக்கிறது என்று கடைக்காரர் ஒருவர் இரண்டு வாரமாகச் சொன்னார். எலி செத்திருக்கும் என்று விட்டுவிட்டோம். திறந்தால் ஒரு ஃபேஸின் லக் (ஒயர் முனையில் மாட்டி ஸ்க்ரூ போடும் உலோகத் துண்டு) கறுத்து, ஒயரின் மேலுறை அரை விரல் நீளத்துக்கு இளகிப் பழுப்பேறியிருந்தது. மின்சார லோடு ஏறும்போது சூடாகி, இறங்கும்போது ஆறி, இப்படியே ஸ்க்ரூ தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த இடம் இன்னும் சூடாகிறது. சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றார் எலக்ட்ரீஷியன். வருடா வருடம் பார்த்தோமே! ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடியிருக்கும்போது. லோடு இல்லாத பேனலில் எது சூடாகும்?

மறுமொழி

ஜெனரேட்டரும் அதே கதைதான். வாரம் தவறாமல் பத்து நிமிடம் சும்மா ஓட்டினோம். கரன்ட் போன அன்று இன்ஜின் ஜோராக ஓடியது, கட்டடத்தை ஜெனரேட்டர் கரன்ட்டுக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மாறவில்லை. கட்டடம் இருட்டில், ஜெனரேட்டர் மட்டும் சத்தத்தில். லோடு கொடுக்காமலே டீசல் இன்ஜினை ஓட்டினால் சரியாக எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் சேரும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

தொடங்கியவன் மீண்டும்

நீங்கள் சொன்னதைப் படித்ததும் தீயணைப்பு பம்பைப் போய்ப் பார்த்தேன். 'ஆட்டோ'வில் இருக்க வேண்டிய சுவிட்ச் 'ஆஃப்'-இல். ஒரு வால்வு கசிந்து அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்ததால் குழாயில் அழுத்தம் குறைந்தால் ஈடுகட்டும் சின்ன ஜாக்கி பம்பு விடாமல் ஓடியதாம். சத்தம் தாங்காமல் யாரோ அணைத்துவிட்டார்கள். ரெஜிஸ்டரில் அதற்கும் 'சரி'.

இப்போது வடிகாலுக்கு டிக் கிடையாது. குழாய்க்கு இரண்டு பக்கெட் தண்ணீர் மேலே ஊற்ற வேண்டும், கீழே வெளிவருவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நேற்று முதல் வீடியோ வந்தது. மேலே ஊற்றியது கடகடவென்று இறங்கிவிட்டது. கீழே குழாய் வாய் காய்ந்தே கிடக்கிறது. நடுவில் எந்தச் சுவருக்குள் போகிறது என்று பார்க்க நாளை பிளம்பர் வருகிறார்.