பணம் தரும் மேடைகளை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: பிரபலமான பழைய, புதிய பாடல்களை வாசிக்கும் இசைக்குழு எங்களுடையது. நான் கீபோர்டு, கணக்கும் தொலைபேசியும்கூட என் தலையில்தான். கைதட்டலுக்குக் குறைவில்லை. பணம் என்று வாயைத் திறந்தால் மட்டும், "உங்களுக்கு நல்ல விளம்பரம்தானே" என்கிறார்கள். விளம்பரத்தை வைத்து டிரம்ஸுக்குப் புதுத் தோல் போட முடியுமா?

பதில் 1: வாய்ப்புக் கேட்டு நீங்கள் அனுப்பும் காணொளியின் தொடக்கத்தில் குழுவின் பெயரும் புகையும் அரை நிமிடம் ஓடினால் ஏற்பாட்டாளர் அங்கேயே மூடிவிடுவார். 2 நிமிடம் போதும்: நான்கைந்து பல்லவிகள், மேடையிலேயே பதிவான ஒலி, முன்னால் ஆடும் கூட்டம். கூட்டம் கட்டாயம் தெரிய வேண்டும். அவர் காசு கொடுப்பது அதற்குத்தான். கிதார்காரரின் விரல் வித்தையை அவரிடம் அளக்காதீர்கள்.

பதில் 2: எதையும் எழுதி வாங்குங்கள். பாதி முன்பணம் வந்தால்தான் தேதி உறுதி. ஒலி அமைப்பு யார் பொறுப்பு, நேரம் நீண்டால் கூடுதல் எவ்வளவு, ரத்தானால் முன்பணம் என்னவாகும், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். பாடல்களைப் பொது இடத்தில் வாசிப்பதற்கான உரிமத்தைப் பெரும்பாலும் அரங்கத்தாரோ ஏற்பாட்டாளரோதான் எடுப்பார்கள்; ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்: முன்பணம் என்றதும் ஓடிவிட மாட்டார்களா?

பதில் 2: சிலர் ஓடுவார்கள். அவர்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகும் ஓடக்கூடியவர்கள்தான், விடுங்கள். அதைவிட, பாடகருக்குத் தொண்டை கட்டினால் மாற்று யார் என்று இப்போதே பேசிவையுங்கள்.