பிரான்ஸ் கிராமப்புறத்தில் கார் வராத சைக்கிள் பாதை: பத்து வயது மகளோடு எங்கே போகலாம்?

செவ்வந்தி

வணக்கம். பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். ஜூலையில் நான், வீட்டுக்காரர், பத்து வயது மகள் மூவரும் நாலைந்து நாள் சைக்கிளில் சுற்றிவரலாம் என்று நினைக்கிறோம். வண்டி மூன்று பேருக்கும் இருக்கிறது, சாமானைப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பை மாட்டி எடுத்துக்கொள்வோம்.

மகள் நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் பின்னால் லாரிச் சத்தம் கேட்டதும் பயந்து ஹேண்டில்பாரைத் திருப்பிவிடுவாள். அதனால் கார், லாரி எதுவுமே வராத பாதைதான் வேண்டும். “போக்குவரத்து குறைவு” என்று சொல்லும் சாலை எங்களுக்கு ஆகாது. பெரிய ஏற்றமும் வேண்டாம். கேட்டால் எல்லோரும் லுவார் நதிக்கரை, இல்லாவிட்டால் தெற்கே கனால் து மிதி கால்வாய்க் கரை என்கிறார்கள். உண்மையில் அந்தப் பாதையில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்குமா?

பழைய பெடல்

தங்கச்சி, லுவாரை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். லா லுவார் ஆ வெலோ என்ற அந்த நதிக்கரைச் சைக்கிள் பாதை சுமார் 900 கிலோமீட்டர், அழகுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அதில் கணிசமான பகுதி ஊர்ச் சாலைகளின் மேல்தான் போகிறது. கார் எப்போதாவதுதான் வரும், ஆனால் வரும். உங்கள் மகளுக்கு அந்த ஒன்று போதுமே.

வரைபடத்தில் கோடு போட்டிருந்தாலே தனிப்பாதை என்று நம்பாதீர்கள். பாதை தொடங்கும் இடத்தில் நடப்பவர் படமும் சைக்கிள் படமும் போட்ட நீலச் சதுரப் பலகை இருந்தால் அது வுவா வெர்த், மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது. வெலோரூத் என்று மட்டும் சொன்னால் பாதி தனிப்பாதையாகவும் பாதி சாலையாகவும் இருக்கலாம். ஏ.எஃப்.3.வி. என்ற சங்கத்தின் இணையதளத்தில் நாடு முழுக்க உள்ள பாதைகளைப் பார்க்கலாம். கிளம்புமுன் ஒரு மணி நேரம் அதில் உட்காருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது தெற்கு புர்கோஞ் (பர்கண்டி): ஷாலோன்-சுர்-சோனிலிருந்து மாக்கோன் வரை. நான் ஷாலோன்காரன், ஊர்ப் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே கைவிடப்பட்டுக் கிடந்த ரயில் தடத்தில் 1997-ல் 44 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். பிரான்சின் முதல் வுவா வெர்த் அதுதான். பிறகு இரண்டு முனையும் நீண்டு, இப்போது மொத்தம் 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். தரை தார். ரயில் போன வழி என்பதால் சரிவு மிக மெதுவாகத்தான் ஏறும். ஏறுகிறோம் என்பதே மகளுக்குத் தெரியாது, உங்கள் முழங்காலுக்கு வேண்டுமானால் தெரியலாம்.

ஜிவ்ரி, புக்ஸி பக்கம் திராட்சைத் தோட்டங்கள். வெயில் நேரே முகத்தில் அடிக்கும், அதைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். முதல் நாள் சேன்-ஜாங்கூவில் தங்கலாம். அடுத்த நாள் கோர்மத்தான் கோட்டை மாளிகை, தேசே கிராமம் வழியாக க்ளூனி. தேசேயில் ஒரு துறவியர் சமூகம் இருக்கிறது. கோடையில் பல நாட்டு இளைஞர்கள் வந்து குவிவார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாதையில் கூட்டம் நடந்து வரும், மணியை அடித்துக்கொண்டே போங்கள். க்ளூனியில் ஒரு நாள் முழுக்க இருங்கள். 910-ல் தொடங்கிய மடம். ரோமில் இப்போதுள்ள புனித பீட்டர் பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப்பெரிய தேவாலயம் அங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல் கல்லாகப் பெயர்த்து விற்றதில் கொஞ்சம்தான் மிச்சம். கேம்பிங் க்ளூனியிலும் உண்டு, கோர்மத்தானிலும் உண்டு. அறைதான் வேண்டும் என்றால் “அக்கேய் வெலோ” முத்திரை உள்ள இடமாகத் தேடுங்கள். பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், வண்டியைப் பூட்டி வைக்க இடம் தருவார்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பழைய லெவல் கிராசிங்குகள். அங்கே ஊர்ச் சாலை குறுக்கே போகும், முன்னுரிமை சாலைக்குத்தான். பாதையின் இரு பக்கமும் தடுப்பு வைத்திருப்பார்கள். பக்கப் பை புடைத்துக்கொண்டிருந்தால் போய் இடிக்கும். மகளை அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள், நீங்கள் முதலில் கடந்து நின்று கூப்பிடுங்கள். இரண்டாவது, க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் சுரங்கம். 1.6 கிலோமீட்டர் நீளம், உள்ளே விளக்கு உண்டு. வெளியே கொதிக்கிற வெயிலில் வியர்வையோடு வந்து உள்ளே நுழைந்தால் பல் தந்தியடிக்கும். ஜாக்கெட் பையின் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள், எதிரே வருபவருக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

30 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம். போடாவிட்டால் கூட வரும் பெரியவருக்கு 135 யூரோ அபராதம். திங்கட்கிழமை கிராமத்துப் பேக்கரியை நம்பிக் கிளம்பாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வையுங்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். சிரிக்காதீர்கள், பெரும்பாலும் வாசல் பக்கம் ஒரு குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்ற வைத்தது. “நோன் பொத்தாப்ள்” என்று எழுதியிருந்தால் முகம் கழுவுவதோடு சரி, குடிக்காதீர்கள்.

ரெதோன்வாசி

பெடல் அண்ணன் சொன்னதே நல்ல யோசனை. வெயில் ஆகாது என்றால் மட்டும் பிரான்சின் வடமேற்கே எங்கள் பிரெத்தாஞ் (பிரிட்டனி) பக்கம் வாருங்கள். நாந்த்–பிரெஸ்ட் கால்வாய்க் கரை. ரெதோனில் ரயிலிலிருந்து இறங்கினால் பக்கத்திலேயே கால்வாய். அங்கிருந்து மாலெஸ்த்ருவா, ஜோஸ்லான். ஜோஸ்லானில் ஊஸ்ட் ஆற்றின் மேலே மூன்று கோபுரத்தோடு நிற்கும் கோட்டையைக் கீழே கரையிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம். கால்வாயின் நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் மடைப் பூட்டுகள் இருக்கும், அங்கே மட்டும் சின்ன ஏற்றம். படகு ஏறி இறங்குவதைப் பார்க்க நின்றால் பிள்ளைகள் கிளம்பவே மாட்டார்கள், அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே குறை, தார் இல்லை, இறுக்கிய மண். மழை பெய்தால் நைசான மணல் செயினில் ஒட்டிக்கொண்டு நறநறவென்று அரைக்கும். சின்ன பிரஷ்ஷும் செயின் எண்ணெயும் கொண்டு வாருங்கள். இங்கே ஜூலையிலும் மழை வரும், நான் பொய் சொல்ல மாட்டேன்.

செவ்வந்தி

இரண்டு பேருக்கும் நன்றி. புர்கோஞ் பக்கம் மனசு சாய்கிறது. ஆனால் வீட்டுக்காரர் கனால் து மிதியை விடுவதாக இல்லை. “யுனெஸ்கோ இடம், மர நிழல், சமதளம், இன்னும் என்ன வேண்டும்?” என்கிறார். யாராவது அவருக்குப் பதில் சொல்லுங்களேன்.

துலூஸ் தம்பி

அக்கா, அத்தானிடம் இதைக் காட்டுங்கள். துலூஸிலிருந்து போர்-லோரகே வரை சுமார் 50 கிலோமீட்டர் அருமையான தார்ப்பாதை. அதைத் தாண்டி ஓட் மாவட்டத்துக்குள் போனதும் பல இடங்களில் கரை வெறும் ஒற்றையடித் தடமாகிவிடும். கல், பள்ளம், அதற்கு மேல் பிளாத்தான் மர வேர்கள். சுமை இல்லாமல் மவுண்டன் பைக்கில் போகிறவனுக்கு அது விளையாட்டு. பக்கப் பையோடு போனால் ஒவ்வொரு வேருக்கும் பை கழன்று தொங்கும். ஒரு பக்கம் தண்ணீர் வேறு, வேலி கிடையாது. நிழலும் முன்பு போல இல்லை. 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் பரவி, பல்லாயிரம் மரங்களை வெட்டிவிட்டார்கள். புதிதாக நட்டவை இன்னும் வளர வேண்டும்.

1681-ல் முடித்த கால்வாய் என்பதால் சரித்திரம் நிறைய இருக்கிறது. சரித்திரம் பார்க்கத்தான் ஆசை என்றால் அந்த 50 கிலோமீட்டரில் போய்விட்டு, அதே வழியில் திரும்பட்டும்.

கால்வாய்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் துலூஸுக்கு மறுபக்கம், பொர்தோ திசையில் போகும் கனால் து கரோன் எடுங்கள். கரை முழுக்கவே தார், மர நிழலும் நிறைய. ஆஜானில் கரோன் ஆற்றுக்கு மேலே 23 வளைவுகளோடு ஒரு கால்வாய்ப் பாலம். கீழே ஆறு, மேலே படகு, பக்கத்தில் நீங்கள். முக்கியமான வசதி, துலூஸ்–பொர்தோ ரயில் பாதையும் கிட்டத்தட்ட கூடவே வருகிறது. மகளுக்கு முடியவில்லை என்றால் முவாசாக்கிலோ ஆஜானிலோ ரயில் ஏறிவிடலாம்.

செவ்வந்தி

படித்துவிட்டு ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. “சரி, புர்கோஞ்” என்றார். இனி ரயில்தான். மூன்று சைக்கிளை எப்படி ஏற்றுவது?

பழைய பெடல்

டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் வேண்டாம். சைக்கிளுக்கு இடம் இருக்கிற வண்டி எல்லாம் கிடையாது, இருந்தாலும் முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. பாரிஸ் பெர்சியிலிருந்து திஜோன் வழியாக லியோன் போகும் டி.இ.ஆர். என்ற வட்டார ரயிலை எடுங்கள். மெதுவான ரயில்தான், ஆனால் ஷாலோன், மாக்கோன் இரண்டிலும் நிற்கும். ஷாலோனில் இறங்கி, மாக்கோனில் ஏறித் திரும்பலாம். கோடையில் டி.இ.ஆர்.களில் சிலவற்றுக்குச் சைக்கிள் பதிவு கேட்பார்கள். டிக்கெட் போடும்போது மூன்று வண்டிக்கும் அதே ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சனிக்கிழமை காலை ரயிலைத் தவிர்த்துவிடுங்கள், எல்லோரும் அதில்தான் வருவார்கள்.

அப்புறம், திரும்பும்போது ஊருக்குள் இருக்கும் மாக்கோன்-வில் நிலையம்தான். மாக்கோன்-லோஷே என்று போட்டிருந்தால் அது ஊருக்கு வெளியே இருக்கும் டி.ஜி.வி. நிலையம்.