கால் ஏக்கர் கிளோவரும் கைநழுவிய கொம்பனும்

குளிர்காட்டான்:
போன அக்டோபர் கடைசியில் நடந்தது, இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில், கூட வேலை செய்பவரின் காட்டுநிலத்தில் கால் ஏக்கர், நம்ம கணக்குக்கு 25 சென்ட், சுற்றிலும் ஓக் மரம். வேட்டைக்கு மான் மேய வரட்டும் என்று ஆகஸ்டில் வெள்ளைக் கிளோவரும் (மூவிலைத் தீவனச் செடி) ஓட்ஸும் கலந்து விதைத்தோம், நன்றாகவே வந்தது. வில்லால் மட்டும் வேட்டையாடும் சீசன், மரத்தில் சாய்த்த ஏணி இருக்கையில் நான். பொழுது சாய ஒரு பெட்டைமானும் இரண்டு குட்டிகளும் வந்தன. கிளோவரைக் கடித்து இழுக்கிற சத்தம்கூட மேலே கேட்டது. அவற்றுக்குப் பின்னால், மரத்து இருட்டில், எட்டுக் கிளைக் கொம்போடு ஓர் ஆண்மான், கொம்பன். இன்னும் பத்தடி வந்தால் போதும். அப்போது என் பின்கழுத்தில் ஜில்லென்று காற்று பட்டது, என் வாடை நேரே அவற்றிடம் போயிருக்கும். பெட்டை தலையைத் தூக்கி நேரே என்னைப் பார்த்தது, முன்காலால் தரையை இரண்டு தட்டு தட்டியது, புஸ்ஸென்று மூக்கால் ஒரு சீறல், வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு எல்லாம் பறந்தன. கொம்பன் மட்டும் ஓடவில்லை. திரும்பி நடந்தே போனது. வில்லை இழுக்கக்கூட இல்லை நான்.

ஏரிக்கரை:
காற்று ஏமாற்றிவிட்டது என்கிற கதையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாயங்காலம் வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழியும், நீங்கள் மேட்டுப் பக்கம் ஏணி போட்டிருப்பீர்கள். நம் பக்கம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்று, அதனால் மான் மேயும் இடத்துக்குக் கிழக்கே உட்கார வேண்டும். அப்புறம் மண் பரிசோதனை செய்தீர்களா? விஸ்கான்சினில் என் முதல் வருஷம் முழுக்கக் களைதான் வந்தது, பார்த்தால் பிஹெச் (குறையக் குறைய மண்ணில் புளிப்பு அதிகம்) 5.4. கிளோவருக்கு 6-க்கு மேல், 6.5 வாக்கில் இருந்தால் நல்லது. 40 பவுண்டு சுண்ணாம்பு மூட்டை 25 போட்டேன், அதுவும் கால் ஏக்கருக்கு! போட்ட மாதமே வேலை செய்யாது, மாதக்கணக்கில் ஆகும், அதனால் முந்தின வருஷமே போட்டுவிடுங்கள். கிளோவர் விதை பொடிசு, கால் அங்குலத்துக்கு மேல் புதைத்தால் முளைக்காது. மார்ச்சில், ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற நாட்களில், வெற்று மண்மேல் சும்மா தூவினாலே மண் அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுவில் கம்பிவலையை வளையமாக நட்டு வையுங்கள், உள்ளே முழங்கால் உயரமும் வெளியே மொட்டையும் என்றால் மான் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும்.

டர்னிப்வாசி:
ஏரிக்கரை, அவர் கதை சொன்னால் நீங்கள் மண் பாடமா எடுப்பது? சரி, என் கதை. ஜூலை கடைசியில் மானுக்காக டர்னிப் (முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு) போட்டேன். இலை தளதளவென்று வந்தது, ஒரு மான் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் பக்கத்து சோயா வயலிலேயே கிடந்தன. வேட்டையும் இல்லை ஒன்றும் இல்லை என்று வீட்டில் பிடுங்கிவந்து டர்னிப் கூட்டு, டர்னிப் சாம்பார், மூன்று வாரம். நவம்பரில் நல்ல உறைபனி இரண்டு நாள் விழுந்தது. மூன்றாம் நாள் விடிகாலை போய்ப் பார்த்தால் இலையே இல்லை, குச்சி குச்சியாக நிற்கிறது, பனியில் எங்கே பார்த்தாலும் குளம்புத் தடம். குளிர் பட்டால் இலை இனிப்பாகும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். அன்றைக்கு நான் துப்பாக்கியே எடுத்துப் போகவில்லை.

புதியவன்:
தீனி காட்டி வரவழைத்துச் சுடுவது எந்த ஊர் நியாயம்? கேட்கத்தான் கேட்கிறேன்.

குளிர்காட்டான்:
புதியவன், எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. மிச்சிகன் கீழ்த் தீபகற்பத்தில் (மாநிலத்தின் தெற்குப் பகுதி) சோளத்தையும் கேரட்டையும் கொட்டிவைத்து வேட்டையாடுவதை 2019-லேயே பொதுவாகத் தடுத்துவிட்டார்கள், ஒரே குவியலில் வாய் வைத்தால் மானுக்கு மான் நோய் தொற்றும் என்று. விதைத்து வளர்ந்ததை அது தானாக மேய்வது வேறு கணக்கு. உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஏரிக்கரை, மேட்டில் இருந்தது உண்மைதான். ஏணியைக் கிழக்கே மாற்றிவிட்டேன். இப்போது மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது.