மீன் அறைக்குள் தவறி விழுந்தவரைத் தூக்கிய விதம் சரியா?

கேள்வி (படகு உரிமையாளர்):
எங்களுடையது 16 மீட்டர் நீளமுள்ள இழுவலைப் படகு. சென்ற மாதம் இரவில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கி நடந்த பணியாளர் ஒருவர், திறந்து கிடந்த மீன் அறையின் வாய்க்குள் கால் தவறி, ஏறத்தாழ 2 மீட்டர் ஆழத்தில் விழுந்துவிட்டார். பதற்றத்தில் இருவர் உடனே உள்ளே இறங்கி, அவருடைய அக்குளில் கைகொடுத்து மேலே தூக்கிவிட்டோம். இடப்பக்க விலா எலும்புகள் மூன்று முறிந்திருந்தன. இப்போது தேறி வருகிறார். ஆயினும் நாங்கள் தூக்கிய விதம் தவறு என்று மருத்துவர் கடிந்துகொண்டார். கரை சேர ஏழு மணி நேரம் ஆகும் இடத்தில் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? படகில் எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி (அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
உயரத்திலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ வலி, கைகால்களில் மரத்துப்போன உணர்வு, விரல்களை அசைக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது அவர் நினைவிழந்திருந்தாலும், அக்குளில் பிடித்து இழுக்கக் கூடாது. அவரைக் கிடந்த நிலையிலேயே வைத்து, ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் திருப்பி, அடியில் ஓர் உறுதியான பலகையைச் செருகிக் கட்டி, பலகையோடு சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். நீர் ஏறுவது போன்ற உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

இடப்பக்கக் கீழ் விலா எலும்புகள் முறியும்போது அவற்றின் உட்புறம் உள்ள மண்ணீரலும் கிழிந்திருக்கலாம். முகம் வெளிறுதல், நாடி விரைதல், வயிற்று வலி, அடிபடாதபோதும் இடது தோளில் வலி ஆகியவை உள்ளே குருதி கசிவதைக் காட்டும் அறிகுறிகள். அப்போது காயம் வெளியே தெரியவில்லை என்று மீன்பிடிப்பைத் தொடராமல், வானொலியில் மருத்துவ உதவி கோரிக் கரைக்குத் திரும்ப வேண்டும். பலர் செய்வதுபோல மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும் தவறு. மூச்சு ஆழமாகப் போகாததால் நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும். தலையில் அடிபட்டவரை 24 மணி நேரமாவது ஒருவர் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுந்த தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் என்றால் தாமதம் கூடாது.

மறுமொழி (முன்னாள் படகுப் பணியாளர்):
தளம் வழுக்குகிறது என்று எல்லோரும் தளத்தையே குறை சொல்வார்கள். இருபது ஆண்டுகளில் நான் கண்ட பெரிய காயங்கள் பெரும்பாலும் பின்னோக்கி நடந்தவர்களுக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் பார்க்க முடியாதவர்களுக்குமே நேர்ந்தன. ஆகவே வலை ஏறும் நேரத்தில் மீன் அறையின் மூடி திறந்திருக்கக் கூடாது என்பதைப் படகின் முதல் விதியாக வையுங்கள். திறந்தே ஆகவேண்டுமென்றால், வாயைச் சுற்றிக் கழற்றி மாட்டக்கூடிய கம்பித் தடுப்பு வேண்டும்.

மீனின் வழும்பையும் எண்ணெயையும் உடனுக்குடன் கழுவுவதும், நடைபாதையில் மணல் கலந்த வண்ணம் பூசுவதும் நல்லவைதான். ஆனால் ஆட்கள் மிகுதியாக நடக்கும் இடத்தில்தான் அந்த வண்ணம் முதலில் தேயும் என்பதால், ஆண்டுக்கொரு முறை பார்த்துப் பூசுங்கள். விளக்கு வெளிச்சம் வேலை செய்பவரின் கண்ணில் அடித்தால் காலடி இருட்டாகிவிடும். இரண்டு நாள் சரியாகத் தூங்காதவர் எந்தத் தளத்திலும் விழுவார். இதைச் சொன்னால் உரிமையாளர்களுக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எங்கள் மூடிக்குத் தடுப்பே கிடையாது. அதைத்தான் முதலில் செய்யப்போகிறேன். யாரேனும் விழுந்தால் உள்ளே இறங்குவதில் வேறு ஆபத்து உண்டா?

மறுமொழி (முன்னாள் படகுப் பணியாளர்):
உண்டு, அதுவும் பெரிய ஆபத்து. மூடிய அறையில் மீன் அழுகினால் உயிர்வளி குறைந்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும். சிறிது நேரத்தில் மூக்கு மரத்து, நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். ஏணியில் இறங்கியவர் காரணமின்றிச் சரிந்து விழுந்தால், அவர் வழுக்கியதாக நினைத்துப் பின்னால் இறங்காதீர்கள். அவரை மீட்கச் சென்றவர்களும் அங்கேயே மடிந்த விபத்துகள் பல. சுவாசக் கருவி அணிந்தவர் மட்டுமே இறங்க வேண்டும். அது படகில் இல்லையென்றால், மேலிருந்தபடியே விசிறியால் காற்றைச் செலுத்திக்கொண்டு, வானொலியில் உதவி கேளுங்கள்.